நாலு கம்பியிலிருந்து ஆறு கம்பிக்கு: புதுச்சேரி, கடலூர் பேஸ் வாசிப்பவர்கள் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க ஒரு வழிகாட்டி

சர்ச் கொயரில், இன்னிசைக் குழுவில், காலேஜ் பேண்டில் என்று சில வருடம் பேஸ் (நாலு தடித்த கம்பிகளில் கீழ் ஒலி தரும் கிட்டார்) வாசித்தவருக்கு ஒரு கட்டத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் ஆசை வந்தே தீரும். சொந்தமாக மெட்டுப் போட கார்ட்ஸ் வேண்டும், கிட்டார்காரர் வராத நாளில் சமாளிக்க வேண்டும், வீட்டில் ரெக்கார்ட் செய்ய வேண்டும் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் தேடினால் கிடைக்கிற அறிவுரை எல்லாம் இரண்டே வகை. ஒன்று, கிட்டாரையே தொடாதவருக்குச் சொல்வது. மற்றது, பல வருடம் லீட் வாசித்தவருக்குச் சொல்வது. நாம் இரண்டிலும் சேர மாட்டோம். தாளமும், ஃப்ரெட்டும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), சுர ஸ்கேலும் தெரியும், ஆனால் விரலும் காதும் வேறொரு கருவிக்குப் பழகியவை. அதிலும் அந்தக் காது இருக்கிறதே, கடையில் நம்மைத் தவறான கிட்டார் பக்கம் இழுப்பது அதுதான். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

போதாததற்கு நம் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிட்டாரை வரிசையாக மாட்டிவைத்து, ஆம்ப்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) சொருகி வாசித்துப் பார்க்கக் கொடுக்கிற கடைகள் குறைவு. சென்னை, ஆன்லைன், செகண்ட் ஹேண்ட் என்று எல்லாப் பக்கமும் அலைந்து முடித்தபின் எழுதுவது இது. உங்களுக்கு அந்த அலைச்சல் பாதியாகக் குறைந்தால் சரி.

1. எதற்கு வாங்குகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

வீட்டில் மெட்டுப் போடவும் ரெக்கார்ட் செய்யவும் மட்டும் என்றால் ஆரம்ப நிலைக் கிட்டாரே போதும், புது ஆம்ப்பும் தேவையில்லை. கச்சேரி மேடைக்கு என்றால் இரைச்சல் பெரிய விஷயமாகிவிடும். திருமண மண்டபத்து சீரியல் செட், டிம்மர் விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து சிங்கிள் காயில் பிக்கப்பில் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும், ஒரே சுருள் கொண்ட பாகம்) 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரத்தைக் கொண்டுவரும். ஹம்பக்கர் வகைப் பிக்கப்பில் இரண்டு காயில்கள் எதிரெதிராக இணைந்திருப்பதால் அந்த ரீங்காரம் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். இரண்டு உபயோகமும் உண்டு என்பவர்கள் பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) பக்கம் ஒரு ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடத்தில் சிங்கிள் காயிலும் உள்ள எச்எஸ்எஸ் அமைப்பைப் பாருங்கள். என் பார்வையில் பேஸிலிருந்து வருபவருக்கு அதுதான் பாதுகாப்பான முதல் தேர்வு.

நம்மில் சிலர் இந்த இடத்திலேயே தடம் மாறி பேரிடோன் கிட்டார் (சாதாரணக் கிட்டாரைவிடக் கீழே ட்யூன் ஆவது), ஃபெண்டர் பேஸ் சிக்ஸ் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். பேஸ் சிக்ஸ் 30 அங்குல ஸ்கேல் நீளம் கொண்டது, அதாவது நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள நீளம். ஆறு கம்பிகளும் கிட்டாரைவிட ஓர் ஆக்டேவ் கீழே ட்யூன் ஆகும். நல்ல கருவிதான், ஆனால் அதை வாங்கினால் வீட்டில் இன்னொரு பேஸ் இருக்கும், கிட்டார் இருக்காது.

2. கைக்கு என்ன மாறும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஃபெண்டர் வகை பேஸின் ஸ்கேல் நீளம் 34 அங்குலம். ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் வகைக் கிட்டார்களில் 25.5 அங்குலம், லெஸ் பால் வகையில் 24.75 அங்குலம். இந்த 25.5க்கும் 24.75க்கும் நடுவே கிட்டார்காரர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். நமக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பேஸில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து ஏறக்குறைய 48 மி.மீ. தள்ளி இருக்கும். ஸ்ட்ராட்டில் 36 மி.மீ., லெஸ் பாலில் 35 மி.மீ. 48லிருந்து இறங்கி வருகிறவருக்கு அந்தக் கடைசி ஒரு மி.மீ. கையில் தெரியவே தெரியாது.

தெரிவது கம்பிகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி. ஃபெண்டர் வகை பேஸில் பிரிட்ஜ் பக்கம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 19 மி.மீ. வரை இடம் உண்டு, கிட்டாரில் 10.5 மி.மீ. பக்கம்தான். ஜாஸ் பேஸின் நட் 38 மி.மீ. அகலம், அதில் நாலு கம்பி. கிட்டாரில் 41 முதல் 43 மி.மீ.க்குள் ஆறு கம்பி. யமஹா பசிஃபிகாவில் 41, ஸ்ட்ராட்டில் 42, எபிஃபோன் லெஸ் பாலில் 43 மி.மீ. பக்கம் வரும். தடித்த விரல்காரர் என்றால் ஸ்கேலை விட்டுவிட்டு இந்த எண்ணைக் கேளுங்கள். 'டி' கார்டு பிடித்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டினால் எந்த நெக் உங்கள் விரலுக்கு இடம் தருகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது அழுத்தம். பேஸில் 45–105 கம்பிக்குப் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் கம்பியின் தடிமன்) பழகிய இடதுகை, 9–42 கம்பியை அதே பலத்தோடு அழுத்தினால் சுரம் ஏறிவிடும். ட்யூன் சரியாக இருந்தும் கார்டு அபஸ்வரமாகக் கேட்கும், பழி கிட்டார் மேல் விழும். முதல் கிட்டாருக்கு 10–46 செட் போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் இறுக்கமாக இருப்பதால் பேஸ்காரர் கைக்கு அது ஒத்துவரும். ஃப்ரெட் மிக உயரமாக உள்ள கிட்டாரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

ட்யூனிங்கில் இ, ஏ, டி, ஜி நமக்குத் தெரிந்தவைதான், ஓர் ஆக்டேவ் மேலே. மேலே உள்ள பி கம்பியில்தான் கணக்கு உடையும். மற்ற கம்பிகளுக்கு நடுவே ஐந்து ஃப்ரெட் இடைவெளி, ஜி–பி நடுவே மட்டும் நாலு. பேஸில் மனப்பாடமாக இருக்கிற வடிவங்கள் அங்கே ஒரு ஃப்ரெட் நகரும். இது பழக்கத்தில் வந்துவிடும், வாங்குவதற்கு இடைஞ்சல் இல்லை.

3. பிரிட்ஜைப் பார்த்து வடிகட்டுங்கள்

பேஸில் பிரிட்ஜ் அசையாது என்பதால் நாம் இதை யோசிப்பதே இல்லை. கிட்டாரில் மூன்று வகை உண்டு. டெலிகாஸ்டர், லெஸ் பால் போன்றவற்றில் பிரிட்ஜ் அசையாது. ஸ்ட்ராட் வகையில் கைப்பிடியோடு கூடிய ட்ரெமொலோ, பின்பக்கம் ஸ்ப்ரிங் இருக்கும். மூன்றாவது ஃப்ளாய்டு ரோஸ், கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலும் பூட்டுவது. மிதக்கிற பிரிட்ஜில் ஒரு கம்பியை ஏற்றினால் மற்றவை இறங்கும். கச்சேரி நடுவில் ஒரு கம்பி அறுந்தால் மொத்த ட்யூனிங்கும் போய்விடும். முதல் கிட்டாருக்கு ஃப்ளாய்டு ரோஸ் வேண்டவே வேண்டாம். கடைக்காரர் "அதே விலைக்கு ஃப்ளாய்டு ரோஸ் மாடலே தர்றேன் தம்பி" என்று ஆசை காட்டினால் நன்றி சொல்லிவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

4. பட்ஜெட்டைப் பிரித்து எழுதுங்கள்

நான் விசாரித்தபோது இருந்த நிலவரம் ஏறக்குறைய இது. விலை மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் வாங்கும் நாளில் மறுபடி பாருங்கள்.

- ஆரம்ப நிலை: 15,000 முதல் 25,000 ரூபாய். ஸ்குவையர் சோனிக், யமஹா பசிஃபிகா 012, ஐபனெஸ் ஜியோ, கோர்ட்டின் கீழ்நிலை மாடல்கள்.
- அடுத்த நிலை: 25,000 முதல் 45,000 வரை. பசிஃபிகா 112, ஸ்குவையர் அஃபினிட்டி வகையறா.
- ஸ்ட்ரிங் செட்: 500 முதல் 1,000. பேஸ் செட்டுக்கு 2,000க்கு மேல் கொடுத்துப் பழகிய நமக்கு இது ஒரு சந்தோஷம்.
- செட்டப் (கம்பி உயரம், நெக் வளைவு, சுருதி சரிசெய்வது) கூலி: 1,000 முதல் 2,500.
- பேக்: கிட்டாரோடு வரவில்லை என்றால் 1,000 முதல் 3,000. பேஸ் பேக்கில் கிட்டாரைப் போட்டால் உள்ளே ஆடும், அடிபடும்.

ஸ்ட்ராப், கேபிள், ட்யூனர், ஸ்டாண்ட் எல்லாம் உங்களிடம் இருப்பதே போதும். பேஸ் கேபிளும் கிட்டார் கேபிளும் ஒன்றுதான். 'ஸ்டார்ட்டர் பேக்' என்று குட்டி ஆம்ப்போடு சேர்த்து விற்பதை நாம் வாங்கத் தேவையில்லை.

நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் செலவே இல்லை என்று நினைக்காதீர்கள். பிராசஸிங் ஃபீஸும், வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும் பெரும்பாலும் தனியாக கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டில் வரும்.

இன்னொன்று, "பாண்டியில் வாங்கினால் வரி கம்மி" என்ற பழைய நம்பிக்கை. 2017 ஜூலை 1க்கு முன்பு அதில் உண்மை இருந்தது. ஜிஎஸ்டி வந்தபின் கிட்டாருக்குப் புதுச்சேரியிலும் கடலூரிலும் சென்னையிலும் ஒரே வரிதான். பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அந்த இரண்டில் மட்டும் வித்தியாசம் தொடர்கிறது. விலை குறைகிறது என்று கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வராதீர்கள், வாசித்துப் பார்க்கக் கிடைக்கிறது என்றால் வாருங்கள்.

5. எங்கே வாங்குவது

உள்ளூர்க் கடை: புதுச்சேரியிலும் கடலூரிலும் இசைக்கருவிக் கடைகளில் அதிகம் ஓடுவது அகூஸ்டிக் கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ், தபேலா. எலெக்ட்ரிக் ஒன்றிரண்டு இருக்கும், மற்றது 'ஆர்டர் பண்ணித் தர்றோம்'. ஆர்டர் கொடுத்தால் முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். அதில் பிராண்ட், முழு மாடல் எண், நிறம், மொத்த விலை, வரும் தேதி, வராவிட்டால் பணம் திரும்பும் என்ற வரி, இத்தனையும் இருக்க வேண்டும். மாடல் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் கிட்டார் மாறும். 112ஜே வேறு, 112வி வேறு. 'வி'யில் ஹம்பக்கரைப் பாதியாகப் பிரித்து சிங்கிள் காயில் போல் வாசிக்கலாம். உள்ளூர்க் கடையில் ஒரு லாபம் உண்டு: பிரச்சினை வந்தால் நேரில் போய் நிற்கலாம்.

சென்னை: ஒரு நாளை ஒதுக்குங்கள். ஈசிஆர் வழியாகப் புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 150 கி.மீ., பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல். கடலூரிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிக்கல் போன்ற பழைய கடைகளும் புதிய ஷோரூம்களும் உண்டு. கிளம்பும் முன் போன் செய்து, நீங்கள் பார்க்க நினைக்கும் மாடல் கடையிலேயே இருக்கிறதா, ஆம்ப்பில் வாசிக்க விடுவார்களா என்று கேளுங்கள். 'இருக்கு' என்பார்கள். 'கடையிலா, குடோனிலா' என்று இன்னொரு முறை கேளுங்கள். ஞாயிறு வேண்டாம், சனி மாலை வேண்டவே வேண்டாம். வார நாள் காலையில் போனால் நிம்மதியாக வாசிக்கலாம்.

ஆன்லைன்: பஜாவ், ஃபர்டாடோஸ் போன்ற இசைக்கருவித் தளங்களில் மாடல் தேர்வு அதிகம். ஆனால் நெக்கைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவது பேஸ்காரருக்கு ரிஸ்க். சென்னையில் வாசித்துப் பார்த்த அதே மாடலை ஆன்லைனில் வாங்கினால் ரிஸ்க் பாதி குறையும். ரிட்டர்ன் எத்தனை நாள், திருப்பி அனுப்பும் கூரியர் செலவு யாருடையது என்று வாங்குவதற்கு முன் படியுங்கள். கூரியர்கள் பெட்டியின் அளவை வைத்தும் எடை போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது ஒரு வழக்கமான கணக்கு. 115×45×15 பெட்டி என்றால் நாலு கிலோ கிட்டாருக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் கட்டணம் வரும். ரிட்டர்ன் உங்கள் செலவு என்றால் அது கனமான செலவு.

பிரான்ஸ் சொந்தக்காரர்கள்: புதுச்சேரியில் இது இல்லாமல் கட்டுரை முடியாது. சித்தப்பா வரும்போது வாங்கி வரச் சொல்லலாம்தான். ஆனால் பயணிகள் வரியில்லாமல் கொண்டுவரும் பொருளுக்கு உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டிய தொகைக்கு விமான நிலையத்தில் வரி கட்ட வேண்டும். வரம்பு அவ்வப்போது மாறும் என்பதால் சுங்கத்துறையின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், பில்லைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பார்சலில் அனுப்பினால் 'கிஃப்ட்' என்று எழுதினாலும் வரி வரும். இங்கே வாரண்டியும் கிடைக்காது. ஆம்ப் என்றால், பிரான்சின் மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஓடும். ஆனால் அந்த ஊர் ப்ளக் நம் சாக்கெட்டில் சொருகினால் எர்த் இணையாது, ப்ளக்கை மாற்றிவிடுங்கள். அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது, நேராகச் சொருகினால் புகைதான் வரும்.

சண்டே மார்க்கெட்: காந்தி வீதியில் சட்டை வாங்கலாம்.

6. கடையில் ஒப்பிடும் முறை

இந்தப் படியை அவசரப்படுத்தாதீர்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: உங்கள் கேபிள், கிளிப் ட்யூனர், அளக்க மி.மீ. கோடு உள்ள ஒரு சிறு ஸ்கேல், போன், முடிந்தால் உங்கள் பேஸும் அதை வாசிக்க ஒரு நண்பரும். பேஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதா என்று சலிக்காதீர்கள். காரணம் இதுதான்.

பேஸ் வாசிப்பவர் கடையில் கிட்டாரை எடுத்ததும் என்ன செய்வார்? தடித்த இ கம்பியைத் தட்டிப் பார்ப்பார். எது அதிகம் அதிர்கிறதோ, எது 'தும்' என்று கனமாக ஒலிக்கிறதோ அதுவே நல்ல கிட்டார் என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். ஆனால் கிட்டாரின் அடி இ கம்பி 82 ஹெர்ட்ஸ். பேஸில் டி கம்பியின் இரண்டாவது ஃப்ரெட்டும் அதே சுரம். அதாவது கிட்டாரின் கீழ்ப் பகுதி முழுக்க, பேண்டில் ஏற்கெனவே பேஸ் நிற்கிற இடம். தனியாகக் கேட்கும்போது கனமாக இருந்த கிட்டார், பேஸும் கிக் டிரம்மும் சேர்ந்ததும் சேறாகிக் கலங்கும். தனியாகக் கேட்டபோது 'என்ன இது, இவ்வளவு மெல்லிசா இருக்கு' என்று ஒதுக்கிய டெலிகாஸ்டர் அங்கேதான் ஒவ்வொரு கார்டும் பிரிந்து தெளிவாக நிற்கும். கிட்டாரைக் கிட்டாரின் இடத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும். நண்பர் ரூட் நோட்டில் எளிதாக ஒரு லைன் வாசிக்கட்டும், நீங்கள் மேலே கார்டு போடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் முதல் நாளே உங்கள் பேஸ் லைனைப் போனில் பதிவு செய்து, ஒரு சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டு அதன்மேல் வாசியுங்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்:

அ) ஆம்ப்பில் போடாமல் முதலில் வாசியுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டும். எங்காவது சுரம் செத்துப்போகிறதா, கம்பி கரகரக்கிறதா என்று கேளுங்கள். பேஸ்காரர் கைக்கு பலம் அதிகம், மெதுவாகத் தட்டியும் பாருங்கள். பலமாக அடித்தால் மட்டும் கரகரத்தால் அது கிட்டாரின் குறை அல்ல.

ஆ) நெக்கின் ஓரத்தில் விரலை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஃப்ரெட் முனை கீறினால் பெயர் பெற்ற பிராண்ட் என்றாலும் அந்தக் கிட்டார் வேண்டாம், அதே மாடலில் இன்னொன்று கேளுங்கள்.

இ) 12ஆவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. என்றால் நல்லது. 3 மி.மீ. என்றால் செட்டப் தேவை. 'இறக்கித் தாங்க' என்று கேளுங்கள். அந்த இடத்திலேயே இறக்கித் தருகிறார்களா என்பதிலேயே கடையின் தரம் தெரியும்.

ஈ) ட்யூன் செய்து, 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்), அதே ஃப்ரெட்டை அழுத்திய சுரமும் ஒன்றா என்று ட்யூனரில் பாருங்கள். கொஞ்சம் விலகியிருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு பாகத்தை) நகர்த்திச் சரிசெய்யலாம். ட்யூன் ஏற்றும்போது நட்டில் 'டிங்' என்று சத்தம் வந்தால் அந்தப் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. பிறகு கம்பியை வளைத்து வாசிக்கும் ஒவ்வொரு பெண்டுக்கும் ட்யூன் போகும்.

உ) இப்போது ஆம்ப். எல்லாக் கிட்டாருக்கும் ஒரே ஆம்ப், ஒரே செட்டிங், எஃபெக்ட் இல்லாமல், ஒரே சத்தம். சத்தம் கூடுதலாக வருவது நல்லதாகத்தான் கேட்கும், அதனால் பிக்கப் பலமான கிட்டாருக்கு வால்யூமைக் குறைத்துச் சமன் செய்யுங்கள். டிஸ்டார்ஷன் போட்டுக்காட்டுவதில் விற்பனையாளர்களுக்குத் தனி உற்சாகம். அதில் எல்லாக் கிட்டாரும் ஒரே மாதிரிதான் கேட்கும், கடைசியில் ஒரு நிமிடம் போதும்.

ஊ) வால்யூம், டோன் குமிழ்களைத் திருப்பினால் கரகரக்கிறதா, ஸ்விட்ச்சின் எல்லா நிலையிலும் ஒலி வருகிறதா, ஜாக்கை ஆட்டினால் அறுபடுகிறதா என்று பாருங்கள். ஆக்டிவ் பேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: பெரும்பாலான கிட்டார்கள் பேசிவ், உள்ளே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் இருக்காது. வால்யூமைக் குறைத்தால் மேல் ஒலியும் கொஞ்சம் மங்கும், அது பழுது அல்ல.

எ) ஒவ்வொரு கிட்டாரிலும் அதே பத்து வினாடி வாசிப்பைப் போனில் பதியுங்கள். முதலில் மாடல் பெயரை வாயால் சொல்லிவிட்டு வாசியுங்கள். வெளியே வந்து டீ குடித்துவிட்டு இயர்போனில் கேட்டுப் பாருங்கள். மூன்று கிட்டாருக்கு மேல் ஒரே நாளில் ஒப்பிட்டால் காது சோர்ந்துவிடும்.

நின்றுகொண்டு ஸ்ட்ராப்பிலும் வாசித்துப் பாருங்கள். பேஸ் எடை சுமந்த தோளுக்கு எந்தக் கிட்டாரும் லேசாகத்தான் தெரியும் என்றாலும், சில லெஸ் பால்கள் நாலு கிலோவைத் தாண்டும்.

7. உங்கள் பேஸ் ஆம்ப்பே போதுமா?

ஆரம்பத்துக்குப் போதும். கிட்டாரைப் பேஸ் ஆம்ப்பில் போட்டால் எதற்கும் சேதம் இல்லை, சுத்தமான ஒலி நன்றாகவே வரும். பேஸ் நாபைக் குறைத்து, நடு ஒலியை ஏற்றுங்கள். டிஸ்டார்ஷன் பெடல் போட்டால் மட்டும் ட்வீட்டர் வழியாகத் தேனீக் கூட்டம் போல் இரையும். ட்வீட்டரை அணைக்க ஸ்விட்ச் இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் கேபினெட் ஒலியைப் போலியாகத் தரும் வசதியுள்ள மல்டி எஃபெக்ட்ஸ் வழியாகப் போங்கள்.

தலைகீழாகச் செய்யாதீர்கள். சிறிய கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் கிழியும் வாய்ப்பு உண்டு.

எதுவானாலும் மூன்று பின் ப்ளக்கும் உண்மையான எர்த்தும் வேண்டும். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத பழைய வீட்டிலோ, பந்தல் மேடையிலோ கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது ஷாக் அடிப்பது இதனால்தான். இரைச்சலுக்கும் பாதிக் காரணம் இதுவே. எலக்ட்ரீஷியனை ஒருமுறை கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள்.

8. செகண்ட் ஹேண்ட் என்றால்

நம் பக்கத்தில் இது நல்ல வழி. ஆரோவில், குயிலாப்பாளையம் பக்கம் தங்கியிருக்கும் வெளிநாட்டவர்கள் ஊர் திரும்பும்போது நல்ல கருவிகளை விற்பதுண்டு. கச்சேரிக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள்.

மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல, செகண்ட் ஹேண்ட் கிட்டாரில் ஜாக் ப்ளேட்டையும் பின் மூடியையும் கழற்றிப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் இறுதியில் தானே, 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று புயலும் வெள்ளமும் பார்த்த ஊர்கள் இவை. தண்ணீரில் நின்ற கருவியைத் துடைத்து விற்றால் வெளியே தெரியாது. திருகுகளில் துரு, பிக்கப் அடியில் பச்சை பூத்தல், ஆம்ப் பெட்டியின் அடிப்பலகை ஊதியிருப்பது, உள்ளே நீர்க்கோடு என்று ஏதாவது ஒன்று காட்டிக்கொடுக்கும். தண்ணீர் பட்ட ஆம்ப்பை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். கடல் காற்றில் துருப்பிடித்த கம்பியும் திருகும் மட்டும் என்றால் அது சாதாரணம், விலையில் பேசிக் குறைக்கலாம்.

நெக்கை நீளவாக்கில் பார்த்து முறுக்கு இல்லையா, ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு) இன்னும் திரும்புகிறதா, முதல் ஐந்து ஃப்ரெட்டில் ஆழமான பள்ளம் இல்லையா என்று பாருங்கள். ஃப்ரெட் மாற்றுகிற செலவு ஆரம்ப நிலைக் கிட்டாரின் விலையில் பெரும்பங்கைத் தின்றுவிடும். "கிப்சன், அவசரமா பணம் வேணும், இருபத்தஞ்சாயிரம்" என்று வந்தால் அது போலி. அசல் கிப்சன் லெஸ் பாலின் ஹெட்ஸ்டாக்கில் உள்ள மணி வடிவ மூடியில் இரண்டு திருகுகள் இருக்கும், போலிகளில் பெரும்பாலும் மூன்று.

காகிதம்: பழைய பில்லின் நகல், அது இல்லையென்றால் ஒரு வெள்ளைத் தாளில் பிராண்ட், மாடல், சீரியல் எண், விலை, தேதி, விற்பவர் பெயர், கையெழுத்து. பணத்தை யுபிஐயில் கொடுங்கள், குறிப்பில் சீரியல் எண்ணை எழுதுங்கள். அட்வான்ஸ் அனுப்பினால்தான் காட்டுவேன் என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

9. பில், வாரண்டி

பில்லில் மாடலோடு சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். 'எலெக்ட்ரிக் கிட்டார் – 1' என்று மட்டும் எழுதிய பில் வாரண்டிக்கு உதவாது. பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, தயாரான மாதம், எம்ஆர்பி ஆகியவை கொண்ட ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி கேட்கப் போகும்போது அந்தப் பெயர் தேவைப்படும். எம்ஆர்பியில் எல்லா வரியும் அடக்கம். 'பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி' என்று சொன்னால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாரண்டி பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும். கம்பி, ஃப்ரெட் தேய்மானம், ஈரத்தால் நெக் வளைவது இதில் சேராது. கடையில் இறக்கும் செட்டப் இலவசமா, எத்தனை மாதத்துக்குள் மறுபடி கொண்டுவரலாம் என்பதைப் பில்லின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கூரியரில் வந்தால் சீல் உடைக்கும் முன்பிருந்தே வெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள். லேபிள், பெட்டியின் ஆறு பக்கம், பிறகு ஹெட்ஸ்டாக், சீரியல் எண், ஜாக்கில் போட்டு ஒலி வருவது வரை. பெட்டி நசுங்கியிருந்தால் டெலிவரி ரசீதில் அதை எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

10. எப்போது வாங்குவது, எப்படிக் கொண்டுவருவது

ஆடியும் மார்கழியும் கல்யாணக் கச்சேரி இல்லாத மாதங்கள். கூட வந்து பேஸ் வாசிக்க நண்பர்களுக்கு நேரம் இருக்கும், ஆடித் தள்ளுபடியும் உண்டு. தீபாவளி நேரத்து ஆன்லைன் விலை கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அது நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைக் காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கூரியரில் வரவழைத்தால் பெட்டி நனையும் அபாயத்தையும், புயல் எச்சரிக்கையில் நாலைந்து நாள் தாமதத்தையும் கணக்கில் வையுங்கள்.

பஸ்ஸில் கொண்டுவந்தால் மேல் ரேக்கில் படுக்கப் போடாதீர்கள், பிரேக் போடும்போது ஹெட்ஸ்டாக்தான் முதலில் அடி வாங்கும். கால்களுக்கு நடுவே நிற்கவைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பக்கத்து சீட் வேண்டாம்.

11. வீட்டுக்கு வந்தபின் முதல் மாதம்

வந்ததும் செட்டப்புக்கு ஓடாதீர்கள். இரண்டு வாரம் நம் ஊர் ஈரப்பதத்தில் இருக்கட்டும், மரம் கொஞ்சம் அசைந்து நிலைக்கு வரும். அதற்குள் 9 செட்டா 10 செட்டா என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். கம்பி அளவை மாற்றினால் நெக்கின் வளைவும் ட்ரெமொலோவின் சமநிலையும் மாறும். கம்பியை மாற்றியபின்தான் செட்டப். பேஸில் ட்ரஸ் ராட் திருப்பிப் பழகியவர்கள் இதையும் செய்யலாம், கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். நட்டின் பள்ளத்தை மட்டும் நீங்களே அறுக்காதீர்கள், அதற்குத் தனி அரம் உண்டு, அதிகம் அறுத்தால் நட்டையே மாற்ற வேண்டும்.

கடற்கரை ஊரில் மெல்லிய கம்பிகள் பேஸ் கம்பியைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைத்து, பேக்கில் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். கம்பெனி பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மோகோலையும் வாரண்டி முடியும்வரை பரணில் வைத்திருங்கள், சர்வீஸுக்கு அனுப்பச் சொன்னால் அதில்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.